தேன்: கிராமா, மில்லியா? சமையலறைக்கான அளவுக் கணக்கு

கேக் செய்முறையில் "தேன் 100 கிராம்" என்று போட்டிருக்கிறது. கையில் இருப்பதோ மில்லி கோடு போட்ட அளவு ஜாடி. 100 கோடு வரை ஊற்றினால் மாவில் விழுவது 100 கிராம் அல்ல, 140 கிராம். மேல்பக்கம் சீக்கிரமே கறுத்து, நடுப்பகுதி வேகாமல் அமுங்கிப்போன பல தேன் கேக்குகளுக்குக் காரணம் அடுப்பு அல்ல, இந்த 40 கிராம்தான்.

தண்ணீருக்கு ஒரு மில்லி ஒரு கிராம். பாலும் கிட்டத்தட்ட அப்படியே. எண்ணெய் கொஞ்சம் லேசு, தண்ணீரில் மிதக்கும். அதனால் சமையலறையில் மில்லியையும் கிராமையும் மாற்றிமாற்றிப் போட்டுப் பழகிவிடுகிறோம். தேனில் அந்தப் பழக்கம் செல்லாது. தேன் என்பது பெரும்பாலும் சர்க்கரை. நூறு கிராம் தேனில் தண்ணீர் 17 முதல் 20 கிராம்தான் இருக்கும். அவ்வளவு கொஞ்சம் தண்ணீரில் அவ்வளவு சர்க்கரை அடர்ந்திருப்பதால், ஒரு மில்லி தேன் 1.4 கிராம் நிற்கும்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இவ்வளவுதான்: மில்லியைக் கிராமாக்க 1.4 ஆல் பெருக்குங்கள். கிராமை மில்லியாக்க 7 ஆல் பெருக்கி 10 ஆல் வகுங்கள். பத்து கிராம் தேன் ஏழு மில்லி. ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து மில்லி தேன் ஏழு கிராம். இரண்டிலும் ஏழு வருவதால் மறக்காது.

ஸ்பூன், கப் அளவுகளுக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும்:

அரை டீஸ்பூன் (2.5 மில்லி): 3.5 கிராம்
1 டீஸ்பூன் (5 மில்லி): 7 கிராம்
1 டேபிள்ஸ்பூன் (15 மில்லி): 21 கிராம்
கால் கப் (60 மில்லி): 84 கிராம்
மூன்றில் ஒரு கப் (80 மில்லி): 112 கிராம்
அரை கப் (120 மில்லி): 168 கிராம்
முக்கால் கப் (180 மில்லி): 252 கிராம்
1 கப் (240 மில்லி): 336 கிராம்
1 லிட்டர்: 1.4 கிலோ

கிராமில் சொல்லியிருப்பதை ஸ்பூனால் அளக்க வேண்டுமென்றால்: 50 கிராமுக்கு 2 டேபிள்ஸ்பூனும் 1 டீஸ்பூனும். 100 கிராமுக்கு 4 டேபிள்ஸ்பூனும் 2 டீஸ்பூனும். 250 கிராம் என்பது முக்கால் கப். அரைக் கிலோ பாட்டில் ஒன்றரை கப், ஒரு கிலோ பாட்டில் மூன்று கப். பாட்டில் கணக்கை நினைவில் வைத்திருந்தால் கடையில் நின்றுகொண்டே எத்தனை பாட்டில் வாங்குவதென்று முடிவு செய்யலாம்.

எந்த கப், எந்த ஸ்பூன்?

மேலே சொன்னதெல்லாம் 240 மில்லி கப்புக்கு. நம் ஊரில் விற்கும் பிளாஸ்டிக், ஸ்டீல் அளவு கப் செட்டுகளில் 240, 250 இரண்டும் உண்டு. அடியிலோ கைப்பிடியிலோ அச்சிட்டிருப்பார்கள். 250 மில்லி கப் என்றால் தேன் 350 கிராம். அமெரிக்கச் செய்முறைகளில் ஒரு கப் தேன் 340 கிராம் என்று இருக்கும். நம் 336 உடன் அது ஒத்துப்போகிறது, நாலு கிராமைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆஸ்திரேலியச் செய்முறையில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே டேபிள்ஸ்பூன் 20 மில்லி, தேன் 28 கிராம். நான்கு டேபிள்ஸ்பூன் போடச் சொன்னால் நம் ஸ்பூனுக்கும் அவர்கள் ஸ்பூனுக்கும் 28 கிராம் வித்தியாசம் வந்துவிடும்.

அமெரிக்கச் செய்முறைகளில் இன்னொரு பொறி அவுன்ஸ். எடை அவுன்ஸ் 28 கிராம். திரவ அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 30 மில்லி கொள்ளளவு. அதில் தேன் 42 கிராம் பிடிக்கும். கப் என்பது 8 திரவ அவுன்ஸ், ஆனால் அந்தக் கப் நிறையத் தேன் எடையில் 12 அவுன்ஸ். 12 அவுன்ஸ் என்று எழுதிய தேன் பாட்டிலை ஒன்றரை கப் என்று எண்ணிவிட வேண்டாம், அது ஒரு கப்தான். பாட்டிலில் எழுதியிருப்பது எடை.

வீட்டில் சாப்பிடும் ஸ்பூன், காபி டம்ளர், குழம்புக் கரண்டி எதுவும் அளவுப் பாத்திரம் அல்ல. ஆனால் அவற்றை அளவுப் பாத்திரமாக்கிக்கொள்ளலாம். தராசில் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். 180 கிராம் காட்டினால் அந்த டம்ளர் 180 மில்லி. அதில் தேன் 252 கிராம் பிடிக்கும். ஸ்பூனுக்கு ஒரு தடவை தண்ணீரை நிறுத்தால் துல்லியம் வராது. பத்து ஸ்பூன் தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

பழைய அளவுகளில் எழுதிய கைக்குறிப்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலம் என்பது எடை. ஆழாக்கு, உழக்கு, படி என்பவை கொள்ளளவு. சித்த மருந்து நூல்களின் மெட்ரிக் கணக்குப்படி ஒரு பலம் 35 கிராம், ஆகவே ஒரு பலம் தேன் 25 மில்லி. ஆழாக்கு 168 மில்லி, அதில் தேன் 235 கிராம். உழக்கில் 470 கிராம். ஒரு படித் தேன் 1.88 கிலோ. ஒரே குறிப்பில் வெல்லத்தைப் பலத்திலும் தேனை ஆழாக்கிலும் எழுதியிருந்தால் இரண்டையும் கிராமுக்குக் கொண்டுவந்த பிறகே விகிதத்தைப் பாருங்கள்.

1.4 எங்கிருந்து வருகிறது?

வெளிநாட்டுக் குறிப்புகளில் 1.42 என்று பார்த்திருப்பீர்கள். அது 20 டிகிரி வெப்பத்தில், 17 அல்லது 18 சதவீத ஈரம் உள்ள தேனுக்கான எண். ஈரம் 16 சதவீதமாக இருந்தால் 1.43 வரும், 20 சதவீதமானால் 1.40. அதாவது ஒரு சதவீத ஈரம் கூடினால் மில்லிக்கு 0.007 கிராம் அளவுக்குக் குறைகிறது. நம் ஊர்த் தேன் பெரும்பாலும் ஈரம் கூடிய பக்கம் இருக்கும். சமையலறை வெப்பமும் 30 டிகிரியைச் சுற்றி. அதனால் 1.4 நமக்குப் பொருந்தும், கணக்குக்கும் எளிது. இந்திய உணவுப் பாதுகாப்புத் தரத்தின்படி தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

வெப்பத்தால் வரும் வித்தியாசம் சிறியது. 20 டிகிரியில் இருந்த தேனை 45 டிகிரிக்குச் சூடாக்கினாலும் கனஅளவு ஒரு சதவீதம் அளவுக்கே விரியும். ஆனால் பார்வைக்கு ஏதோ பெரிய மாற்றம் நடந்ததுபோல் இருக்கும், ஏனென்றால் தேன் தண்ணீர்போல் ஓடத் தொடங்கிவிடும். கெட்டித்தன்மை வேறு, கனம் வேறு. ஊட்டிக் குளிரில் ஸ்பூனை விட்டு இறங்க மறுக்கும் தேனும், சென்னை வெயிலில் இழையாக ஓடும் அதே தேனும் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரே எடைதான். கெட்டியாக இருக்கிறதே என்று அளவைக் குறைக்க வேண்டியதில்லை.

கொசுத்தேன் என்கிற சிறுதேன் மட்டும் விதிவிலக்கு. கொடுக்கில்லாத சிறு தேனீக்களின் அந்தத் தேன் இயல்பிலேயே நீர்த்தது, ஈரம் 25 சதவீதத்தையும் தாண்டும். அதற்கு 1.4 பொருந்தாது, 1.35க்கும் கீழே போகலாம்.

சிந்தாமல், ஒட்டாமல் அளப்பது

எடையில் அளப்பதே மேல். அதிலும் பாத்திரத்தில் ஊற்றி அளப்பதைவிட, பாட்டிலில் இருந்து எடுத்ததை அளப்பது இன்னும் மேல். தேன் பாட்டிலைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பாட்டிலை எடுத்து மாவில் நேராக ஊற்றுங்கள். திரும்பத் தராசில் வைத்தால் திரையில் மைனஸ் 63 என்று வரும். மாவுக்குப் போனது சரியாக 63 கிராம், மூன்று டேபிள்ஸ்பூன். கப்பும் இல்லை, ஸ்பூனும் இல்லை, கழுவ ஒன்றுமில்லை. பாட்டில் வாயில் வழியும் கடைசிச் சொட்டும் பாட்டிலோடேயே கணக்கில் நிற்கும். அடுப்பின்மேல் கொதிக்கும் பாத்திரத்துக்கும், தராசு தாங்காத பெரிய அண்டாவுக்கும் இந்த வழி ஒன்றுதான் சரி.

பாத்திரத்தைத் தராசில் வைத்தே ஊற்றுவதாக இருந்தால், மிக மெல்லிய இழையாகச் சொட்டுச் சொட்டாக விடாதீர்கள். பல டிஜிட்டல் தராசுகள் மெதுவாக ஏறும் எடையைத் தானாக நகரும் பிழை என்று எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பூஜ்யத்துக்குத் தள்ளிவிடும். ஐந்து கிராம் விழுந்திருக்கும், திரை ஒன்றுதான் காட்டும்.  ஒரு கிராம் துல்லியத் தராசில் ஒரு டீஸ்பூன் தேனை நிறுப்பதும் வீண். 7 கிராமில் ஒரு கிராம் தவறினால் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. 15 கிராமுக்குக் கீழே ஸ்பூனையே நம்புங்கள்.

தராசில் 'மில்லி' என்று ஒரு பொத்தான் இருக்கும். தேனுக்கு அதைத் தொடவே கூடாது. தராசுக்கு எடை மட்டுமே தெரியும். அந்தப் பொத்தான் உள்ளே இருப்பது தண்ணீர் அல்லது பால் என்று நினைத்துக்கொண்டு எண்ணைப் போடுகிறது. 140 கிராம் தேனை வைத்தால் 140 மில்லி என்று காட்டும். உண்மையில் 100 மில்லி.

ஸ்பூனில் அளக்கும்போது இரண்டு பக்கமும் பிழை நடக்கும். தேன் ஸ்பூன் விளிம்புக்கு மேல் குமிழாக எழும்பி நிற்கும், வழியாது. அப்படிக் குவித்து எடுத்தால் கூடுதல். ஊற்றிய பிறகு ஸ்பூனில் ஒட்டி நிற்கும் அளவு பண்டத்தில் குறையும். ஒரு டேபிள்ஸ்பூனில் இரண்டு மூன்று கிராம் நின்றுவிடுவது சகஜம். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று விட்டுவிடலாமா என்றால், சில நாள் செய்யும், சில நாள் செய்யாது. குவிந்ததைக் கத்தியின் முதுகால் சமமாக வழித்துவிடுங்கள். ஒட்டாமல் இருக்க, செய்முறையில் எண்ணெயோ உருக்கிய நெய்யோ இருந்தால் அதை முதலில் அதே ஸ்பூனில் அளந்து ஊற்றிவிட்டு, துடைக்காமல் தேனை அளக்கவும். தேன் வழுக்கிக்கொண்டு முழுதாக இறங்கும். எண்ணெயே இல்லாத பண்டமென்றால் ஸ்பூனை வெந்நீரில் முக்கி உதறிவிட்டு அளந்தால் ஓரளவு பலன் தரும்.

உறைந்த தேனை ஸ்பூனால் அளக்காதீர்கள். கற்கண்டுபோல் இறுகிய தேனை வெட்டி எடுத்தால் இடையிடையே காற்று நிற்கும், ஸ்பூன் நிறைந்தாலும் எடை குறையும். கன்னியாகுமரிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத் தேன் சீக்கிரம் உறையக்கூடியது. அதைக் கலப்படம் என்று நினைத்து வீசிவிட வேண்டாம். உறைந்ததையும் எடையில் அளந்தால் கணக்கு அப்படியே சரியாக வரும், உருக்கவே தேவையில்லை. ஸ்பூனால்தான் அளக்க முடியும் என்றால், பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டில், 40 டிகிரி அளவு வெந்நீரில், நிறுத்தி வைத்து இளக்கிக்கொள்ளுங்கள். கொதிக்கும் நீரிலோ மைக்ரோவேவிலோ வைத்தால் வாசனை போய் நிறம் கறுக்கும். குலுக்கவும் வேண்டாம். குலுக்கினால் காற்றுக் குமிழ் ஏறி மில்லி அளவு பொய்யாகும்.

சர்க்கரைக்குப் பதில் தேன்

அளவு மாற்றத்தில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தேன் என்று போட்டால் பண்டம் கெடும். கணக்கைப் பாருங்கள். 240 மில்லி கப்பில் சர்க்கரை 200 கிராம். அதே கப்பில் தேன் 336 கிராம். அதில் 80 சதவீதம் சர்க்கரைப் பொருள் என்று வைத்தால் 269 கிராம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இனிப்புக் கூடிவிட்டது, கூடவே 67 கிராம் தண்ணீரும் உள்ளே வந்துவிட்டது.

முக்கால் கப் போட்டால் 252 கிராம். அதில் சர்க்கரைப் பொருள் 202 கிராம், தண்ணீர் 50 கிராம். சர்க்கரை ஈடாகிவிட்டது. மீதி 50 மில்லி தண்ணீரைச் செய்முறையில் உள்ள பாலிலோ மோரிலோ குறைக்க வேண்டும். மூன்று டேபிள்ஸ்பூனும் ஒரு டீஸ்பூனும். எடையில் சொன்னால், 100 கிராம் சர்க்கரைக்கு 125 கிராம் தேன் போட்டு, 25 மில்லி திரவத்தைக் குறையுங்கள். எந்த அளவுக்கும் இந்த விகிதமே போதும்.

தேன் புளிப்புத்தன்மை உடையது. முக்கால் கப் தேனுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்தால் சமனாகும். சர்க்கரையைவிடச் சீக்கிரம் சிவக்கும் என்பதால் ஓவன் சூட்டை 15 டிகிரி செல்சியஸ் குறைத்து வையுங்கள். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து நுரைக்க அடிக்கும் கேக்கில் முழுச் சர்க்கரையையும் தேனாக்க வேண்டாம். சர்க்கரைப் பரல்கள்தான் வெண்ணெய்க்குள் காற்றைப் பிடித்து வைக்கின்றன. தேனுக்கு அந்த வேலை தெரியாது. பாதியை மட்டும் மாற்றுங்கள்.

தினைமாவு உருண்டைக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம், ஒன்று மட்டும் போதும். கால் கப் தேன், அதாவது 84 கிராம், என்று குறிப்பில் இருந்தால் முதலில் 60 கிராம் விட்டுப் பிசையுங்கள். மாவு எவ்வளவு வறுபட்டது என்பதைப் பொறுத்து அது இழுக்கும் ஈரம் மாறும். தேன் கூடிவிட்டால் உருண்டை தட்டில் தட்டையாக இறங்கிவிடும்.

தேன் நெல்லி: ஜாடிக்கு எவ்வளவு தேன்?

நெல்லிக்காய் நிறைந்த ஜாடியில் மூழ்க எவ்வளவு தேன் வேண்டுமென்று கண்ணால் மதிப்பிட்டால் தவறும். கழுவிய நெல்லிக்காயை ஜாடியில் போட்டு, காய் மூடும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு அந்தத் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்து நிறுங்கள். 450 கிராம் வந்தால் இடைவெளி 450 மில்லி. தேன் 450ஐ 1.4 ஆல் பெருக்க 630 கிராம். அரைக் கிலோ பாட்டில் ஒன்று போதாது, கூடக் கால் கிலோ வாங்க வேண்டும். அளந்து முடித்ததும் காயையும் ஜாடியையும் ஒட்டத் துடைத்து, நிழலில் நன்றாக உலர்த்திவிட்டே தேன் விடவும்.

தண்ணீரில் மூடி நின்ற காய் தேனில் மிதக்கும், ஏனென்றால் தேன் அதைவிடக் கனம். மேலே மிதந்து வெளியே தெரியும் காயில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். அதோடு காயிலிருந்து கசியும் நீர் தேனை நீர்க்கச் செய்கிறது; நீர்த்த தேன் லேசானதால் மேலே ஏறி ஒரு தனி அடுக்காக நிற்கும், புளித்து நுரைப்பதும் அந்த அடுக்கில்தான். முதல் பத்து நாளுக்குத் தினமும் உலர்ந்த கரண்டியால் அடிவரை கிளறச் சொல்வது இதனால்தான். ஊறி முடிந்த பிறகு ஜாடியில் இருப்பது பழைய தேன் அல்ல, சாறு கலந்த பாகு. அதை வேறு பண்டத்தில் ஊற்றும்போது 1.4 கணக்கை எடுக்காதீர்கள், அப்படியே நிறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலில் வாங்கும்போது

கடைப் பாட்டிலில் கிராம் எழுதியிருக்கும். சாலையோரத்திலும் மலையடிவாரத்திலும் பாட்டில் கணக்கில் விற்பார்கள். 750 மில்லி கண்ணாடிப் பாட்டில் கழுத்து வரை தேன் இருந்தால் 1.05 கிலோ, ஆகவே அதை ஒரு கிலோ என்று சொல்வது நியாயமான பேச்சு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நிறைய இருந்தால் 1.4 கிலோ. அரை லிட்டர் பாட்டில் 700 கிராம். விலையைக் கிலோவுக்கு மாற்றிப் பார்க்காமல் 'லிட்டர் 600, கிலோ 500, கிலோதான் மலிவு' என்று எண்ணினால் நஷ்டம் உங்களுக்குத்தான். லிட்டர் 600 ரூபாய் என்பது கிலோவுக்கு 429 ரூபாய்.

வாங்கிய தேனின் உண்மையான எண்ணை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். குறுகிய வாயுள்ள ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலை எடுங்கள். வாய் அகலமானால் விளிம்பில் சிறு பிசகும் பெரிய பிழையாகும். காலியாக நிறுங்கள்: 92 கிராம் என்று வைப்போம். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி நிறுங்கள்: 192. தண்ணீர் 100 கிராம். பாட்டிலை உலர்த்தி, தேனைச் சுவரோரமாக மெல்ல வார்த்து விளிம்பு வரை நிரப்புங்கள். குமிழ்கள் மேலே வந்து உடையும் வரை ஓரிரு மணி நேரம் விட்டு, குறைந்ததை நிரப்பி நிறுங்கள்: 232 என்றால் தேன் 140. தேன் எடையைத் தண்ணீர் எடையால் வகுத்தால் 1.40. இந்த எண்ணை பாட்டிலில் ஒரு சீட்டாக ஒட்டிவைத்து, 1.4க்குப் பதில் இதையே பயன்படுத்தலாம்.

சாதாரணத் தேன் 1.38க்குக் கீழே காட்டினால் ஈரம் கூடுதல், வெளியே வைத்தால் புளிக்கக்கூடும். குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். ஆனால் 1.40 காட்டியதால் மட்டும் அது சுத்தத் தேன் ஆகிவிடாது. சர்க்கரைப் பாகையும் அதே அடர்த்திக்குக் காய்ச்சலாம். தண்ணீர் டம்ளரில் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனையும் இதே கதைதான்: கனமான எந்தப் பாகும் நேராக அடிக்குப் போய் நிற்கும். கலப்படம் பார்க்க ஆய்வகம் வேண்டும்.

அடர்த்தி 1.36 வந்த தேனில் ஒரு டீஸ்பூன் 6.8 கிராம், ஸ்பூன் அளவில் மாற்ற ஒன்றுமில்லை. ஒரு கப்புக்கு 326 கிராம், 10 கிராம் குறைவு. கேக்குக்கு அதுவும் பொருட்டல்ல. விருந்துக்கு ஐந்து லிட்டர் வாங்கும்போது 200 கிராம் குறையும், அங்கே மட்டும் நிறுத்து வாங்குங்கள்.